பின்னாலிருந்து படிக்க வேண்டிய பட்டியல்: கம்யூனிட்டி காலேஜில் கம்யூனிகேஷன் ஸ்டடீஸ்

என் அக்கா மகள் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் வளர்ந்தவள். பள்ளி முடிக்கிற சமயத்தில் ஒரு நாள் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "சித்தி, ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல கம்யூனிகேஷன் படிச்சுட்டு அப்புறம் யூனிவர்சிட்டிக்கு மாறிக்கப் போறேன். எந்த க்ளாஸ்லாம் எடுக்கணும்னு பாக்கறீங்களா?" என்றாள். திரையில் கல்லூரியின் பாடப் பட்டியல். பக்கத்தில் ஒரு நோட்டு. பிடித்த வகுப்புகளையெல்லாம் எழுதி டிக் போட்டிருந்தாள். மொத்தம் பன்னிரண்டு. அதில் பாதிக்கு மேல், அவள் போக ஆசைப்பட்ட இடத்தில் மேஜர், அதாவது முதன்மைப் பாடக் கணக்கில் சேராது.

அவள் மேல் தப்பில்லை. கல்லூரி கொடுத்த பட்டியலை முதல் பக்கத்திலிருந்து படித்திருந்தாள். டிரான்ஸ்ஃபருக்குப் போகிறவர்கள் அதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். அதாவது, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த மேஜரில் போய் உட்காரப் போகிறோம் என்பதை முதலில் பார்த்து, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்துகிற வகுப்புகளைத் தன் கல்லூரியில் தேட வேண்டும். எந்த மேஜருக்கும் இது பொருந்தும் என்றாலும் கம்யூனிகேஷனுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். ஏன் என்பதை நிதானமாகச் சொல்கிறேன். உதாரணம் எல்லாம் கலிஃபோர்னியாதான். எனக்கு நன்றாகத் தெரிந்த ஏற்பாடு அது, அமெரிக்காவிலேயே பெரிய கம்யூனிட்டி காலேஜ் அமைப்பும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் அடிப்படை. கம்யூனிட்டி காலேஜ் என்பது முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைச் சொல்லித்தரும் அரசுக் கல்லூரி. நம் ஊரில் டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருடத்தில் நேராகச் சேர்வார்களே, அந்த மாதிரி, இங்கே இரண்டு வருடம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். இந்த யோசனை புதிதில்லை. இல்லினாயில் ஜோலியட் ஜூனியர் காலேஜ் 1901இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் முதலாவது 1910இல் ஃப்ரெஸ்னோவில் வந்தது. 1960இல் அந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. மேலே யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, நடுவில் இன்றைய கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி, எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும் இடமாகக் கம்யூனிட்டி காலேஜ். கீழே சேர்ந்தவர்கள் மேலே போக வழி இருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் உயிர். இனி இந்தக் கட்டுரையில் அவற்றை யூசி, சிஎஸ்யூ என்றே சொல்கிறேன்.

செலவைப் பற்றி ஒரு வரி. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு (வகுப்பின் அளவைக் கணக்கிடும் கிரெடிட்) 46 டாலர். இரண்டு வருடத்துக்கு வேண்டிய அறுபது யூனிட்டுக்கு 2,760 டாலர். சிஎஸ்யூவில் ஒரே வருடத்துக்கு இது ஆறாயிரத்தைத் தாண்டும், யூசியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரம் படிக்கிறவர்களுக்கு முதல் இரண்டு வருடக் கட்டணத்தையே எடுத்துவிடும் திட்டம் பல கல்லூரிகளில் உண்டு. "கம்யூனிட்டி காலேஜா, யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்று தயங்கும் பெற்றோர்களை நம் வட்டாரத்தில் நிறையப் பார்க்கிறேன். கடைசியில் கையில் கிடைப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். முதல் இரண்டு வருடத்தை வேறு இடத்தில் படித்தவருக்கென்று அதில் தனி முத்திரை எதுவும் இருக்காது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

ஒரே பெயர், வேறு வேறு பாடம்

கம்யூனிகேஷன் என்றால் என்ன படிப்பார்கள் என்று கேட்டால் பத்து பேர் பத்து பதில் சொல்வார்கள். பத்திரிகை, டிவி, விளம்பரம், மேடைப்பேச்சு, பிஆர் எனப்படும் மக்கள் தொடர்பு. கம்யூனிட்டி காலேஜில் கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் மனிதர் மனிதரோடு பேசுவதைப் பற்றிய படிப்பு. மேடையில் பேசுவது, வாதம் செய்வது, இரண்டு பேருக்குள் பேச்சு எப்படி உறவை வளர்க்கிறது அல்லது முறிக்கிறது, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு முடிவுக்கு எப்படி வருகிறார்கள், வேறு வேறு பண்பாட்டுக்காரர்கள் பேசும்போது எங்கே தடுக்குகிறது, இவைதான்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் பேச்சுப் பாடம் முன்பு ஆங்கிலத் துறைக்குள் அடங்கியிருந்தது. 1914இல் பதினேழு பேச்சு ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர் சங்கத்திலிருந்து பிரிந்து வந்து தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைக்கு அதுதான் நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷன். துறை பிறந்ததே மேடைப்பேச்சிலிருந்து என்பதால் இன்றும் அதன் முதல் வகுப்பு பப்ளிக் ஸ்பீக்கிங்தான்.

பல்கலைக்கழகங்கள் எல்லாம் இந்த ஒரே பாதையில் வளரவில்லை. குழப்பம் தொடங்குவது அங்கேதான். சிஎஸ்யூ வளாகங்களில் ஒன்றான கால் ஸ்டேட் ஃபுல்லர்ட்டனைப் பாருங்கள். அங்கே 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு மேஜர், 'கம்யூனிகேஷன் ஸ்டடீஸ்' என்று இன்னொரு மேஜர். முதலாவதில் விளம்பரம், பத்திரிகை, பிஆர். இரண்டாவது, மனிதத் தொடர்பைப் படிக்கும் வேறொரு துறையைச் சேர்ந்தது. பெயரில் ஒரு 'ஸ்' கூடியதைக் கவனிக்காமல் விண்ணப்பம் போட்டால் நாம் நினைத்தது ஒன்று, போய்ச் சேர்ந்தது இன்னொன்று என்று ஆகிவிடும். சான் ஹோசே ஸ்டேட்டிலும் கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் தனி, பத்திரிகையும் விளம்பரமும் பிஆரும் இருக்கும் துறை தனி.

யூசி பக்கம் போனால் இன்னும் வேறு. சாண்டா பார்பராவில் கம்யூனிகேஷன் ஒரு சமூக அறிவியல். கேள்வி எழுப்பி, தரவு சேகரித்து, புள்ளியியலை வைத்துச் சோதிக்கிற பாடம். டேவிஸிலும் அந்த வாசனை உண்டு. சான் டியேகோவில் ஊடகம், பண்பாடு, அரசியல் மூன்றையும் சேர்த்து விமர்சனமாகப் படிக்கிறார்கள். பெர்க்லியில் தேடினால் மீடியா ஸ்டடீஸ்தான் கிடைக்கும். ஆகவே மேடையில் நன்றாகப் பேசுகிற பிள்ளை, கணக்கைக் கண்டால் ஓடுகிற பிள்ளை, பெயரை மட்டும் பார்த்துவிட்டுச் சாண்டா பார்பராவுக்குத் தயாரானால் முதல் வாரத்திலேயே திணறும். அதே பிள்ளை ஒரு சிஎஸ்யூவின் கம்யூனிகேஷன் ஸ்டடீஸில் கொடிகட்டிப் பறக்கலாம். இரண்டில் எது உசத்தி என்ற பேச்சே வேண்டாம். எது நமக்கானது என்று முதல் செமஸ்டர் முடிவதற்குள் தெரிந்துகொண்டால் போதும்.

தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி, அந்த மேஜரின் மூன்றாம், நான்காம் வருடப் பாடங்களின் பெயர்களைப் படிப்பது. அங்கே போய் இரண்டு வருடம் உட்காரப் போவது அந்த வகுப்புகளில்தானே. படிக்கும்போது ஆசையாக இருக்கிறதா, கொட்டாவி வருகிறதா என்று பாருங்கள். என் அக்கா மகள் அப்படித்தான் மூன்று இடங்களை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டாள்.

ஒரு வகுப்புக்கு மூன்று கணக்கு

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கல்லூரியில் "இந்த வகுப்பு டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்தக் கணக்கில் ஆகும் என்று உடனே அடுத்த கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கணக்கு வெறும் யூனிட். மூன்றாம் வருடத்தில் சேர அறுபது செமஸ்டர் யூனிட் வேண்டும், அந்த அறுபதில் இது மூன்று. அவ்வளவுதான். இரண்டாவது கணக்கு பொதுக் கல்வி. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், கலை என்று எல்லோரும் படித்தாக வேண்டிய தொகுதியில் ஒரு கட்டத்தை நிரப்புகிறதா என்பது. மூன்றாவது கணக்கு மேஜர். போகிற பல்கலைக்கழகத்தில் அந்த மேஜர்காரர்கள் முதல் இரண்டு வருடத்தில் படிக்கிற ஒரு வகுப்புக்கு இது சமமா என்பது. ஒரு வகுப்பு முதல் கணக்கில் மட்டும் விழலாம், இரண்டில் விழலாம், மூன்றிலும் விழலாம். மூன்றிலும் விழுகிற வகுப்புதான் தங்கம். அப்படிப்பட்டதை முதலில் எடுங்கள்.

மேஜர் கணக்கைப் பார்க்க அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கு இடையிலான ஒப்பந்தங்கள் எல்லாம் அதிகாரப்பூர்வமாக அங்கே இருக்கும், இலவசம். கல்வியாண்டு, நம் கல்லூரி, போகிற பல்கலைக்கழகம், மேஜர், இந்த நான்கையும் தேர்ந்தெடுத்தால் ஒரு பட்டியல் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகத்தின் வகுப்பு. நடுவில் ஒரு அம்புக்குறி. வலது பக்கம் நம் கல்லூரியில் அதற்குச் சமமான வகுப்பு. அன்று நாங்கள் அதைத் திறந்தபோது அக்கா மகள் கண் போனது ஒரே வரிக்கு. வலது பக்கத்தில் 'நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்' என்று இருந்தது. "அப்ப எனக்குச் சீட் கிடைக்காதா சித்தி?" என்றாள். அப்படி இல்லை. நம் கல்லூரியில் அதற்கு இணையான வகுப்பு இல்லை என்றுதான் அர்த்தம். அதைப் போன பிறகு அங்கே படித்துக்கொள்ளலாம், அல்லது பக்கத்துக் கல்லூரியில் இணை இருக்கிறதா என்று தேடி அங்கே அந்த ஒரு வகுப்பை மட்டும் எடுக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு கம்யூனிட்டி காலேஜில் வகுப்பு எடுப்பது இங்கே சகஜம். மதிப்பெண் சான்றை இரண்டு இடத்திலிருந்தும் அனுப்ப வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது.

அந்தப் பட்டியலின் தலைப்பகுதியில் நீளமாக ஆங்கிலத்தில் குறிப்புகள் இருக்கும். எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். எந்த வகுப்பு சேருவதற்கு முன்பே கட்டாயம், எது முடித்தால் நல்லது, குறைந்தபட்ச ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும்.

பொதுக் கல்வித் தொகுதி

இதில் அண்மையில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு சிஎஸ்யூவுக்கு ஒரு தொகுதி, யூசிக்கு இன்னொரு தொகுதி என்று இரண்டு இருந்தன. 2021இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே தொகுதி ஆக்கிவிட்டார்கள். பெயர் கால்-கெட்சி. பதினொரு வகுப்புகள், 34 யூனிட். ஆங்கிலக் கட்டுரை, சிந்தனைத் திறனோடு சேர்ந்த இரண்டாம் ஆங்கிலம், வாய்மொழித் தொடர்பு, கணக்கு, கலை ஒன்று, இலக்கியம், தத்துவம் மாதிரியான ஹியூமானிட்டீஸ் பாடங்களில் ஒன்று, சமூக அறிவியலில் வேறு வேறு துறையிலிருந்து இரண்டு, இயற்பியல் பக்கம் ஒன்று, உயிரியல் பக்கம் ஒன்று, இந்த இரண்டில் ஒன்றோடு ஆய்வுக்கூடம், கடைசியாக எத்னிக் ஸ்டடீஸ், அதாவது அமெரிக்க இனக்குழுக்களைப் பற்றிய படிப்பு. எல்லாவற்றிலும் 'சி' அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். 'சி மைனஸ்' செல்லாது.

வாய்மொழித் தொடர்பு என்று ஒரு கட்டம் இருப்பதைக் கவனித்தீர்களா? மற்ற மேஜர்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எடுக்கும் பப்ளிக் ஸ்பீக்கிங், நமக்கு மேஜரின் முதல் வகுப்பு. ஒரே வகுப்பு இரண்டு கணக்கிலும் விழுகிறது. அந்த வகுப்புக்கு இப்போது மாநிலம் முழுவதும் ஒரே எண்ணும் கொடுத்துவிட்டார்கள்: காம் சி1000. முன்பு ஒவ்வொரு கல்லூரியிலும் வேறு வேறு எண், கல்லூரி மாறினால் தலைசுற்றும். 2025இல் முதல் தவணையாகப் பொது எண் பெற்ற ஆறு வகுப்புகளில் இதுவும் ஒன்று. மற்றவை ஆங்கிலத்தில் இரண்டு, அமெரிக்க அரசியல், உளவியல் அறிமுகம், புள்ளியியல். கம்யூனிகேஷன்காரர்களுக்கு இந்த ஆறுமே ஏதோ ஒரு விதத்தில் வேலைக்கு வரும்.

டிரான்ஸ்ஃபருக்கென்றே ஒரு பட்டம்

ஏடிடி (அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்) என்று சொல்வார்கள். 2010இல் வந்த சட்டத்தின்படி, சிஎஸ்யூவும் கம்யூனிட்டி காலேஜ்களும் சேர்ந்து வகுத்த இரண்டு வருடப் பட்டம். இதை முடித்தால் சிஎஸ்யூ அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. ஆசைப்பட்ட அதே வளாகத்தில், அதே மேஜரில் உறுதி என்று அர்த்தமில்லை. இதைத் தெளிவாகச் சொல்லாமல் "கியாரண்டி" என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிப் பிள்ளைகளை நம்ப வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. ஏற்றுக்கொள்ளும் வளாகத்தில், அதற்குப் பொருத்தமான மேஜரில், மேலும் அறுபது யூனிட்டுக்குள் பி.ஏ.வை முடிக்க வழி செய்து தர வேண்டும். கூடுதலாக ஒரு வருடம் இழுக்காது.

கம்யூனிகேஷன் ஸ்டடீஸ் ஏடிடியில் மேஜருக்குக் குறைந்தது 18 யூனிட். பப்ளிக் ஸ்பீக்கிங் கட்டாயம். அதற்கு அடுத்த அடுக்கில் வாதமும் விவாதமும், இருவர் தொடர்பு, சிறுகுழுத் தொடர்பு. அதற்கடுத்து பண்பாடுகளுக்கிடையே தொடர்பு, வெகுஜன ஊடக அறிமுகம், வாய்மொழி வாசிப்பு மாதிரியானவை. கடைசி அடுக்கில் உளவியல், சமூகவியல், பண்பாட்டு மானிடவியல் அறிமுக வகுப்புகளிலிருந்து எடுக்கலாம். அந்தந்தக் கல்லூரியில் பட்டியல் கொஞ்சம் மாறும், ஆனால் எலும்புக்கூடு இதுதான்.

இப்போது கணக்குப் போடுவோம். பொதுக் கல்வி 34. மேஜர் 18. கூட்டினால் 52. ஆனால் பப்ளிக் ஸ்பீக்கிங் இரண்டிலும் வருகிறது. உளவியல் அறிமுகத்தையும், உங்கள் கல்லூரி அனுமதித்தால் பண்பாடுகளுக்கிடையே தொடர்பையும், சமூக அறிவியல் கட்டங்களுக்கும் மேஜருக்குமாகச் சேர்த்துக் காட்டலாம். அப்படி மூன்று வகுப்புகள் இரட்டை வேலை செய்தால் உண்மையில் படிப்பது 43 யூனிட்தான். அறுபதுக்கு இன்னும் 17 மிச்சம்.

இந்தப் பதினேழை எதில் போடுகிறீர்கள் என்பதில்தான் திட்டம் நிற்கிறது அல்லது சரிகிறது. பெரும்பாலும் இது நேரம் ஒத்துவருகிற வகுப்பு, தோழி எடுக்கிற வகுப்பு என்று கரைந்துவிடும். அசிஸ்ட்டில் நீங்கள் குறித்து வைத்த இரண்டு, மூன்று பல்கலைக்கழகங்கள் தனியாகக் கேட்கிற வகுப்புகளை இந்த இடத்தில் உட்கார வையுங்கள். ஒன்று கூடுதலாக ஒரு சமூக அறிவியல் கேட்கலாம், இன்னொன்று மொழி கேட்கலாம். சிஎஸ்யூவுக்குப் போகிறவர்கள் அமெரிக்க வரலாறு, அரசியல் சட்டம் இரண்டையும் பட்டம் வாங்குவதற்குள் படித்தே ஆக வேண்டும். அதை இங்கேயே, குறைந்த கட்டணத்தில், பொதுக் கல்விக் கட்டத்தோடு சேர்த்து முடித்துவிடலாம்.

ஒரு வகுப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காகவே எடுக்கக் கூடாதா? தாராளமாக எடுக்கலாம். ஒன்றோ இரண்டோ. என் அக்கா மகள் மட்பாண்ட வகுப்பு எடுத்தாள், நான் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கம்யூனிட்டி காலேஜில் எடுத்ததில் எழுபது செமஸ்டர் யூனிட் வரைதான் பல்கலைக்கழகம் எண்ணிக்கையில் சேர்க்கும்.

எதை எப்போது

இரண்டு வருடம் இருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் விண்ணப்பம் போடும் நாளில் கையில் இருப்பது ஒரு வருட மதிப்பெண்தான். 2025 இலையுதிரில் சேர்ந்தவர் 2027 இலையுதிரில் மாற வேண்டுமானால், 2026 அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் போக வேண்டும். அப்போது இரண்டு செமஸ்டர் முடிந்திருக்கும், கோடை வகுப்பு எடுத்திருந்தால் அதுவும் இருக்கும். மூன்றாவது செமஸ்டர் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் வருடம்தான் நம்மைப் பற்றிப் பேசும்.

அதனால் ஆங்கிலத்தையும் கணக்கையும் தள்ளிப் போடாதீர்கள். முதல் செமஸ்டரில் ஆங்கிலக் கட்டுரை, பப்ளிக் ஸ்பீக்கிங், உளவியல் அறிமுகம், எத்னிக் ஸ்டடீஸ் அல்லது கலை. இரண்டாவதில் இரண்டாம் ஆங்கிலம், புள்ளியியல், இருவர் தொடர்பு, வேறொரு பொதுக் கல்வி வகுப்பு. இவ்வளவு முடிந்தால் சிஎஸ்யூ சேர்க்கைக்கு அடித்தளமாகப் பார்க்கும் நான்கும், அதாவது பேச்சு, எழுத்து, சிந்தனை, கணக்கு, முதல் வருடத்திலேயே கைக்குள். யூசி கேட்கும் இரண்டு ஆங்கிலமும் ஒரு கணக்கும் அதிலேயே அடங்கிவிடும். கணக்கு என்றால் கால்குலஸ் என்று பயப்பட வேண்டாம். நம் மேஜருக்குப் புள்ளியியல்தான் பொருத்தம், அதுவும் யூசி பக்கம் கண் இருந்தால் அதை விட்டு வேறெதற்கும் போகாதீர்கள். மூன்றாவது செமஸ்டரில் வாதமும் விவாதமும், பண்பாடுகளுக்கிடையே தொடர்பு, ஆய்வுக்கூடத்தோடு ஓர் அறிவியல், அமெரிக்க வரலாறு. மிச்சம் நான்காவதிலும் இடையே வரும் கோடை வகுப்புகளிலும். வாதம் எந்த செமஸ்டரில் நடக்கும் என்று முன்னாலேயே கேட்டுவையுங்கள். சின்னக் கல்லூரிகளில் சில வகுப்புகள் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும்.

யூசி பற்றிச் சில தனிச் செய்திகள். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ 2.4, வெளியாருக்கு 2.8. இது வாசலுக்குள் விடும் அளவுதான். விரும்பிப் போகிற மேஜர்களில் இதைவிட மேலே வேண்டியிருக்கும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் என்று ஆறு வளாகங்களில் முன்கூட்டியே இட உறுதி கேட்கும் ஒப்பந்தம் உண்டு, டேக் என்பார்கள். செப்டம்பர் மாதம் முழுவதும் அதற்கு நேரம். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். சில மேஜர்களுக்கு இது கிடையாது, அந்தந்த வளாகத்தின் பக்கத்தில் அந்த வருடப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் இந்த ஏற்பாட்டில் இல்லை. டேக் கிடைத்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள், வழக்கமான விண்ணப்பத்தையும் தனியாகப் போட்டாக வேண்டும். அதில் நான்கு பதில்கள், ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு ஒரு கேள்வி கட்டாயம்: இந்த மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறாய்? முதல் நாளிலிருந்து திட்டம் போட்டுப் படித்தவருக்கு அதற்கான விஷயம் கையிலேயே இருக்கும்.

சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குபர்ட்டினோவில் இருக்கும் டி அன்சா, அதன் சகோதரிக் கல்லூரியான ஃபுட்ஹில், இரண்டும் குவார்ட்டர் முறையில் நடப்பவை. அங்கே ஒன்றரை யூனிட் என்பது வேறு இடத்தில் ஒரு செமஸ்டர் யூனிட். அறுபது என்று நான் சொன்னதெல்லாம் அங்கே தொண்ணூறு. வருடத்துக்கு மூன்று தவணை என்பதால் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு வகுப்பு ஓடி முடிந்துவிடும். அந்த வேகம் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு மூச்சு வாங்கும்.

ஊரிலிருந்து மாணவர் விசாவில் நேராக வருகிறவர்களுக்கு 46 டாலர் பொருந்தாது, அதைப்போல் பல மடங்கு ஆகும். விசாவை அப்படியே வைத்திருக்க ஒவ்வொரு செமஸ்டரும் பொதுவாகக் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும் என்பதால், ஒரு வகுப்பை நடுவில் கைவிடுவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். பெற்றோரின் வேலை விசாவில் வந்து இங்கேயே வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. குடியிருப்புக் கட்டணம் கிடைக்குமா என்பதைச் சேர்க்கை அலுவலகத்தில் ஆவணங்களோடு போய்க் கேளுங்கள்.

கவுன்சிலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் கவுன்சிலருக்கு மாணவர்கள் நிறைய, கிடைக்கிற நேரம் அரைமணி. வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் வரும். அசிஸ்ட்டில் எடுத்த மூன்று ஒப்பந்தங்களைப் பிரிண்ட் எடுத்து, மூன்றுக்கும் பொதுவான வகுப்புகளில் மார்க்கரால் கோடு போட்டு, நான்கு செமஸ்டருக்குத் தற்காலிகத் திட்டம் எழுதி எடுத்துப்போங்கள். "இதில் எங்கே தப்பு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அரைமணி தாராளம். கிளம்பும்போது பொதுக் கல்வி முடித்த சான்றை எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். அது தானாகப் போய்ச் சேரும் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

பப்ளிக் ஸ்பீக்கிங்கை முதல் செமஸ்டரிலேயே எடுக்கச் சொன்னதற்குக் கணக்கைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்பதை அந்த வகுப்பு சீக்கிரம் சொல்லிவிடும். நம் பிள்ளைகள் பலர் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியிருப்பார்கள். அங்கே எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தால் கைதட்டு. இங்கே ஒப்பித்தால் மதிப்பெண் குறையும். குறிப்புச் சீட்டில் நாலைந்து சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து, அந்தந்த நேரத்தில் வாக்கியம் அமைத்துப் பேச வேண்டும். எங்கிருந்து எடுத்த தகவல் என்பதையும் பேச்சிலேயே சொல்ல வேண்டும்.

அக்கா மகளின் முதல் பேச்சு, குளிர்காலத்தில் இட்லி மாவு ஏன் புளிக்க அடம்பிடிக்கிறது என்பது. ஐந்து நிமிடம். முழுதாக எழுதி மனப்பாடம் செய்துவிட்டாள். இரண்டாம் பத்தியில் ஒரு சொல் மறந்தது, அதோடு பேச்சும் நின்றது. தாளை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டில் ஆறு சொற்கள் மட்டும் எழுதச் சொன்னேன். மதுரையில் இருக்கும் என் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் பேத்தி தன்னைப் பார்த்துப் பேசுவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை சீட்டைப் பார்க்காமலே ஓடியது. முடித்ததும், "அம்மாச்சி, புரிஞ்சுச்சா?" என்று கேட்டாள்.

"மாவைப் பத்தித்தானே பேசுற? அடுப்புப் பக்கத்துல வைக்கச் சொல்லு, பொங்கிடும்" என்றார் அம்மா.

அந்த வரியையும் பேச்சில் சேர்த்துக்கொண்டாள், அம்மாச்சி சொன்னது என்று குறிப்பிட்டே.